பதில்: ஹென்றி போல்கோ கட்டுரையில் ஆண்டுகள் முட்டுகின்றனவே?

இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ ஊரில் இரும்புத் தொழிலைத் தொடங்கிய போல்கோவின் ஆலை 1841-இல், அருகில் இரும்புத் தாது கிடைத்தது 1850-இல், இடையில் எதை உருக்கினார் என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டுகள் சரிதான். மிடில்ஸ்பரோவில் முதலில் இருந்தது தாதுவை உருக்கும் ஊதுலை அல்ல, வார்ப்பிரும்பை வெளியிலிருந்து வாங்கித் தேனிரும்பாக்கி (அடித்து வளைக்கக்கூடிய இரும்பாக்கி) உருட்டும் ஆலை. 1846-இல் உள்நாட்டில், டர்ஹாம் நிலக்கரிப் பகுதியான விட்டன் பார்க்கில் ஊதுலைகள் வைத்தார்கள். அங்கே தாது போதவில்லை. விட்பி கடற்கரையிலிருந்து இரும்புத் தாதுக் கல்லைக் கப்பலில் மிடில்ஸ்பரோவுக்குக் கொண்டுவந்து, ரயிலில் விட்டன் பார்க்குக்கு ஏற்றி, உருக்கிய இரும்பை மறுபடி மிடில்ஸ்பரோவுக்கே இறக்கினார்கள். கூலியே லாபத்தைத் தின்றது. 1850-இல் பங்காளி ஜான் வான், ஊருக்கு அருகிலுள்ள எஸ்டன் குன்றில் தடித்த தாதுப் படிவத்தைக் கண்டபின்தான் ஊதுலைகள் ஊருக்குள் வந்தன. கட்டுரையின் மையத்தை இங்கே வையுங்கள்.

ஒரு திருத்தம். எஸ்டன் தாதுவிலிருந்து அவர் எஃகு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள், நீக்கிவிடுங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம். உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகு செய்யும் பெசமர் உலையின் சிலிக்கா உட்பூச்சு அதைப் பிரிக்காது, எஃகு நொறுங்கும். பாஸ்பரஸைப் பிரிக்கும் சுண்ணப் பாங்கான உட்பூச்சு போல்கோ நிறுவனத்தின் ஆலையில் வெற்றிகரமாகச் செய்துகாட்டப்பட்டது 1879-இல். போல்கோ இறந்தது 1878!

அரசியல் பகுதிக்கு இரண்டு வரி போதும்: 1853-இல் மிடில்ஸ்பரோவின் முதல் மேயர், 1868-இல் புதிய மிடில்ஸ்பரோ தொகுதியின் முதல் எம்.பி., லிபரல் கட்சி, போட்டியின்றி. பிறப்பு ஜெர்மனியின் மெக்லன்பர்க் என்பதால் 1841-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றதையும் சேருங்கள்.