மலையா, மழையா?

அன்புள்ள ஐயா,

பழைய குறிப்பு ஒன்றில் "ஒரு படம் என் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது" என்று எழுதிவிட்டு, எந்தப் படம் என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்கள். எனக்கு 22 வயது. கைப்பேசியில் வாரத்துக்கு நான்கு தமிழ்ப் படங்கள் பார்க்கிறேன். அடுத்த வாரம் ஒன்றும் நினைவில் இருப்பதில்லை. வாழ்க்கையை மாற்றிய படங்கள் என்று பத்துப் பெயர்களை நீங்கள் கொடுத்தால் தேடிப் பார்ப்பேன். சினிமா பார்த்து யாரும் மாறுவதில்லை, அதெல்லாம் வெறும் பேச்சு என்கிறான் என் நண்பன். அவனுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், மௌல்மீன், பர்மா

அன்புள்ள தம்பி,

பத்துப் பெயர்கள் என்னிடம் இல்லை. பத்துப் படங்கள் தன்னை மாற்றியதாகச் சொல்பவர் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புது ஆளாகத் திரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. 1952 தீபாவளிக்கு வந்த பராசக்தி. சிவாஜி கணேசனின் முதல் படம், கலைஞரின் வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம்.

நீதிமன்றக் காட்சிதான் என்று இந்நேரம் முடிவு கட்டியிருப்பீர்கள். அது இல்லை. அந்த வசனத்தை என் பெரியப்பா கல்யாண வீடுகளில் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். படம் பார்ப்பதற்கு முன்பே அது எனக்குச் சலித்துவிட்டது.

நாங்கள் அப்போது பர்மாவில், பெகு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்த 1987 ஆம் ஆண்டு. கையில் இருந்த பணம் ஒரே நாளில் காகிதமாகிவிட்டதால், வீடியோ போடுகிறவர் தலைக்கு அரைப் படி அரிசி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். மூங்கில் தட்டிக் கொட்டகை, வெளியே ஜெனரேட்டர் இரைச்சல், தேய்ந்த கேசட். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பத்தாவைக் கைப்பிடித்து அழைத்துப் போய் முன்வரிசைப் பாயில் உட்காரவைத்தேன். 1964 இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதையும் பார்த்தவர் அவர். அரிசிதான் செல்லும் என்று அன்றே தெரியும் என்பதுபோல ஒரு முகம்.

படம் எங்கள் நாட்டில்தான் தொடங்குகிறது. அண்ணன் தம்பி மூவர் ரங்கூனில். தங்கை கல்யாணி மதுரையில். அவள் திருமணத்துக்கு மூவரும் போக வேண்டும், போர்க்காலம், கப்பலில் ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. இளையவன் போகிறான். கொட்டகையில் ஒரே சலசலப்பு. நாங்கள் அதுவரை பார்த்த தமிழ்ப் படம் எதிலும் எங்கள் நாட்டின் பெயர் வந்ததில்லை. (1945 இல் பர்மா ராணி என்று ஒரு படம் வந்திருக்கிறது, மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. எங்கள் கொட்டகைக்கு அது வரவில்லை.) பிறகு ரங்கூனில் குண்டு விழுகிறது. மூத்தவர் நடந்தே இந்தியாவுக்குப் போகிறார். நடுவில் உள்ளவர் காலை இழந்து, பிரிந்து போய்விடுகிறார். கதை விரைந்து மதுரைப் பக்கம் திரும்பிவிடுகிறது. கல்யாணியின் கண்ணீரை வைத்துக்கொண்டு அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

அப்போதுதான் அப்பத்தா என் தோளைத் தட்டினார்.

"கண்ணயர்ந்துவிட்டேனா? நடந்துபோன கட்டத்தைத் திரும்பப் போடச் சொல்."

எனக்குக் கூச்சம். ஆனாலும் சொன்னேன். வீடியோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினார். மறுபடியும் அதே சில காட்சிகள். அப்பத்தா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார். அதன்பின் படம் முடியும்வரை பேசவில்லை. கல்யாணிக்காகக் கொட்டகையே அழுதபோதும் அவர் மட்டும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அன்றிரவு திண்ணையில் நான்தான் கேட்டேன். எவ்வளவு நடந்தீர்கள் என்று. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தபோது அப்பத்தாவின் குடும்பம் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. மண்டலே, மொனிவா, கலேவா, தமு, அங்கிருந்து மலை ஏறி மணிப்பூர். இந்த ஊர்ப் பெயர்களை அவர் வரிசை மாறாமல் சொன்னார், ரயில் நிலையத்தில் அறிவிப்பவர் போல. இடுப்பில் ஒரு பித்தளைச் சொம்பு. தண்ணீர் இல்லாத இடத்தில் சேற்றைத் துணியில் கட்டிப் பிழிந்தது. வழியோரத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்காதது. நாலு வயது மகளை வாந்திபேதியில் பறிகொடுத்து, குழி தோண்டக் கருவி இல்லாமல் இலையைப் போட்டு மூடிவிட்டு நடந்தது. என் அப்பாவுக்கு ஓர் அக்காள் இருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். போர் முடிந்து குடும்பம் கப்பலில் திரும்பி வந்தபின் பிறந்த என் அப்பாவுக்கும் அன்றுதான் தெரியும். அவர் உள்ளே விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல வெகுநேரம் நின்றார்.

மறுநாள் அதையெல்லாம் பள்ளி நோட்டில் எழுதினேன். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு பள்ளியில் எல்லாம் பர்மிய மொழிதான். தமிழ் எழுத்து கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான் அந்த வேளையில் பந்து விளையாடப் போனவன். ஆகவே அப்பத்தாவின் தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்தேன். ஒரு வாரம் கழித்துப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பர்மிய எழுத்தில் ழகரம் கிடையாது. மலைக்கும் மழைக்கும் நான் ஒரே எழுத்தைத்தான் போட்டிருந்தேன். பிள்ளையை மலையில் விட்டாரா, மழையில் விட்டாரா?

அப்பத்தாவிடம் போய்க் கேட்டேன். "வைகாசி மாதம், மலையில் ஏறுகிறோம், மழை பிடித்துக்கொண்டது. இரண்டும்தான்" என்றார். சொல்லிவிட்டு, "ஏன், உனக்கு எழுதத் தெரியாதா?" என்று கேட்டார். அதில் கேலி இருந்ததா என்று இன்றும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறு வயதுக் குழந்தைகளோடு அ, ஆ. முழங்கால் பலகையில் இடிக்கும். பிறகு கையில் கிடைத்த பாட்டுப் புத்தகம், பஞ்சாங்கம், பொட்டலத் தாள் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டினேன். வெகுகாலம் கழித்து எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா அதே பாதையில் தாம் நடந்ததை எழுதிய புத்தகத்தைப் படித்தபோது அப்பத்தா சொன்ன ஊர்கள் அதில் அச்சாகியிருந்தன. அப்போது அப்பத்தா இல்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முழுவதையும் தமிழ் எழுத்தில் பெயர்த்துவிட்டேன், அந்த ஒரு சொல் தவிர.

ஆகவே உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரிதான். பராசக்தி என்னிடம் எதைச் சொல்ல வந்ததோ அது என்னைத் தொடவே இல்லை. தமிழ்நாட்டில் அதைப் பார்த்து மேடையேறியவர்கள் உண்டு. அது அவர்கள் கதை. என்னைப் பிடித்தது அந்தப் படம் அவசரமாகத் தாண்டிப் போன இடம். அதற்காகப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். மதுரைக்குப் போக வேண்டிய கதை, போகத்தானே வேண்டும்?

படம் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. கைப்பேசியில், தனியாக, காதில் கருவியை மாட்டிக்கொண்டு பார்க்காதீர்கள். வீட்டில் எண்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் பெரிய திரையில் போட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.