கிரவுன் பினியன் புதுசாக மாற்றியும் பின்பக்கம் ஊளையிடுவது ஏன்?

பழைய ஜீப்பின் பின் அச்சில் புது கிரவுன் பினியன் செட் (இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்கள் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி, பெரியது கிரவுன், சிறியது பினியன்) போட்டும் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஊளைச் சத்தம் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பல் பிடிப்பு சரியாக அமையாததுதான் காரணம். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தயாராகி வருபவை, ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் போகாது. ஜோடியாகப் போட்டாலும் பழைய ஷிம்மையே (பினியன் நிற்கும் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையத் தகடு) அப்படியே வைத்து மூடிவிட்டால் இதே கதைதான்.

முதலில் பினியன் ஆழம். ஷிம் பெரும்பாலும் பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும். கிரவுன் பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கையால் லேசாக எதிர்ப்புக் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் அடிவேரில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, ஷிம்மைக் குறையுங்கள். நுனியில் விழுந்தால் கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் பேரிங்கைக் கழற்றி மாட்டும் இந்த இடத்தில்தான் பலருக்குப் பொறுமை போய்விடும்!

அப்புறம் பேக்லாஷ், அதாவது இரண்டின் பற்களுக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளி. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவுகருவி) வைத்து கிரவுனில் பல இடங்களில் அளக்க வேண்டும், பல வண்டிகளுக்கு 0.15 முதல் 0.20 மி.மீ. வரை வரும், உங்கள் மேனுவல் சொல்வதே இறுதி.

நசுங்கும் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவில், நட்டை இறுக்க இறுக்க நசுங்கிக் கொடுக்கும் குழாய்) உள்ள வண்டியில் பினியன் நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் திருப்பித் தளர்த்திச் சமாளிக்காதீர்கள், புது ஸ்லீவ்தான் போட வேண்டும்.