உதைக்கும் கால் எது, தடுமாறும் கால் எது?

கேள்வி: வடசீனத்து உதைக்கலையான டான்டுய் பயில ஆரம்பித்து ஆறு மாதமாகிறது. உதைத்ததும் வலது முழங்கால் வலிக்கிறது. இடக்காலால் உதைத்தால் தடுமாறுகிறேன். பிழை எங்கே?
– வாசகர், ஈப்போ

பதில்: இரண்டும் வெவ்வேறு பிழைகள். காலை வெறுங்காற்றில் முழுவேகத்தில் வீசி முழங்காலைப் பூட்டினால் வலி வராமல் என்ன செய்யும்? முதலில் தொடை எழ வேண்டும், முழங்கால் மடிந்தே இருக்கட்டும். அதன் பிறகுதான் கீழ்க்கால் விசுக்கென்று நீள வேண்டும். கடைசியில் இம்மியளவு மடிப்பு மிச்சமிருக்கட்டும். உதையை இடுப்புவரை தூக்கவும் வேண்டாம். எதிராளியின் முழங்காலையும் அதன் கீழ் எலும்பையும் குறிவைத்த தாழ்ந்த உதைதான் இதன் பலம்.

தடுமாற்றத்துக்குக் காரணம் இடக்கால் அல்ல, ஊன்றி நிற்கும் வலக்கால். முன்கால் மடிந்து பின்கால் நீண்டு நிற்கும் வில் நிலையிலிருந்து எழும்போது அது விறைத்து நிமிர்ந்துவிடுகிறது, உடம்பும் கூடவே துள்ளுகிறது. உதைத்த நிலையில் தலைக்கு நான்கு விரற்கடை மேலே குறுக்கே ஒரு நூல் கட்டுங்கள். தலை நூலில் பட்டால் துள்ளுகிறீர்கள் என்று பொருள். பிறகு தொடை தூக்கு, நீட்டு, மடக்கு என்று மூன்று எண்ணிக்கையாக, எண்ணிக்கைக்கு ஒரு மூச்சு நிறுத்திச் செய்யுங்கள். பலர் விழுவது நீட்டும்போதல்ல, மடக்காமல் காலைத் தொப்பென்று போடும்போதுதான். வலக்காலுக்கு ஒன்று என்றால் இடக்காலுக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள்.

கேள்வி: டான்டுயில் இருப்பது பத்து வரிசையா, பன்னிரண்டா?
– வாசகி, கிள்ளான்

பதில்: இரண்டும் உண்டு. வரிசை என்பது ஒரே கோட்டில் இடவலம் மாறி மாறிச் செய்யும் சிறு அசைவுத் தொடர். சீனத்து ஹுய் முஸ்லிம்களிடம் வழங்குவது பத்து, சின் வூ என்ற தற்காப்புக்கலைச் சங்கம் பரப்பியது பன்னிரண்டு. எதைத் தொடங்கினீர்களோ அதையே முடியுங்கள்.

கேள்வி: எல்லா வரிசைகளும் தெரியும். குருவிடம் மண்டியிட்டுத் தேநீர் கொடுத்துச் சீடனானவன் அல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: தாராளமாக. 1910இல் ஷாங்காயில் தோன்றிய சின் வூ, பூட்டி வைத்த வித்தைகளை வகுப்புப் பாடமாக்கியது. அதன் பத்து அடிப்படைப் பாடங்களில் முதலாவதே டான்டுய். உங்கள் ஊருக்கு அது 1921இலேயே வந்துவிட்டது.

ஆனால் அசைவை மட்டும் கொடுத்தால் வித்தை தேய்ந்துபோகும். வரிசைக்கு ஓரடியாகப் பழைய சீனப் பாட்டு ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்தே கொடுங்கள். பத்து வரிசைப் பாட்டில் முதலடி ‘ஒற்றைச் சாட்டை’ என்கிறது. கைகள் முன்னும் பின்னும் ஒரே கோட்டில் நீளாவிட்டால் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். இரண்டாமடி ‘குறுக்கு’ என்கிறது. வலக்கால் உதைக்கையில் குத்துவது இடக்கை.

பிள்ளைகளைப் பார்த்தபடி நின்று செய்துகாட்டாதீர்கள், இடவலம் மாறிப் பதிந்துவிடும். முதுகைக் காட்டி முன்னால் நில்லுங்கள். வரிசை திரும்பும்போது முன்னால் பார்த்துச் செய்ய ஆள் வேண்டுமே, மறுமுனையில் தேர்ந்த ஒருவரை நிறுத்துங்கள். முதல் வரிசையை எதிர்க்காலில் தொடங்கச் சொல்லிப் பாருங்கள். தயங்காமல் செய்கிற பிள்ளைக்கு மட்டும் இரண்டாவது.