அசலா, நகலா?

கேள்வி: 1962-இல் வெளிவந்த அமெரிக்க காமிக்ஸின் அசல் ஓவியப் பக்கம் (அச்சுக்காக ஓவியர் கையால் வரைந்த தாள்) என்று ஒன்று ஏலத்துக்கு வருகிறது. கேட்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஸ்கேலை எடுங்கள். அங்கே ஓவியப் பரப்பு 10x15 அங்குலமாகச் சுருங்கியது 1967 வாக்கில்தான். அதற்கு முன் ஏறக்குறைய 12x18. சின்னதாக இருந்தால் பின்னாளில் வரைந்த நகலாக இருக்கலாம்.

அடுத்து, விளக்கொளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெரிய கறுப்புப் பரப்பில் தூரிகைத் தடம் திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும். அடியில் பென்சில் கோடு, திருத்திய இடத்தில் வெள்ளைப் பூச்சின் மேடு. எல்லாம் ஒரே சீராக இருந்தால் அச்சுதான். வசனக் குமிழ் ஒட்டிய பசை பழுத்து மஞ்சளாகியிருப்பது சகஜம், சுரண்டாதீர்கள்!

நீங்கள் ஏலத்தில் கேட்ட விலையோடு, ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் தரும் கமிஷனும் சேரும். பெரிய ஏலங்களில் அது பெரும்பாலும் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். அதைக் கழித்துக்கொண்டே உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள்.