மணலில் ஓடிய குதிரைக்குத் தொடை வீக்கம்: உடனே நடக்க வைக்கலாமா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் சவாரிக்காகக் குதிரை வளர்க்கிறேன். கடற்கரை மணலில் வேகமாக ஓடிய மறுநாளிலிருந்து இடது பின்னங்காலை எட்டி வைக்க மறுக்கிறது. தொடையின் பின்புறம் வீங்கிச் சூடாக இருக்கிறது. சூடான எண்ணெய் தேய்த்து உருவி, வலி ஊசி போட்டு நடக்கவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். முதலில், இது ஒரு காலில் மட்டும் ஏற்பட்ட தசைக்கிழிவுதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரு பக்கப் பிட்டத் தசைகளும் பலகைபோல் இறுகி, குதிரை வியர்த்து, அடியெடுத்து வைக்க மறுத்து, சிறுநீரும் காப்பி நிறத்தில் போனால், அது தசைநார்கள் சிதையும் வேறு நோய். வேலை இல்லாத நாள்களிலும் கொள்ளுத் தீவனத்தைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, பிறகு திடீரென ஓட்டும் குதிரைகளுக்கு இது வருவதுண்டு. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மையோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், அந்நிலையில் குதிரையை ஓரடிகூட நடத்தாமல், நின்ற இடத்திலேயே தண்ணீர் காட்டி, மருத்துவரை உடனே வரவழைக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் தசைக்கிழிவோடு பொருந்துகின்றன. ஆனாலும் குளம்பைத் தூக்கி, ஆணி குத்தியிருக்கிறதா, உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். நொண்டலுக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதல் 48 மணி நேரம் குளிர்ச்சிதான் மருந்து. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வரை, ஒரு நாளில் நான்கைந்து முறை ஒத்தடம் கொடுங்கள். கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் சூடும் உருவலும் கசிவை அதிகப்படுத்திவிடும். வீக்கம் அடங்கிய பிறகு வெந்நீர் ஒத்தடமும் மென்மையான உருவலும் நன்மை தரும்.

வலி மருந்தை மருத்துவர் எடை பார்த்தே தர வேண்டும். ஃப்ளூனிக்சின் என்ற வலி ஊசியைத் தசையில் போட்டால், அரிதாக, உயிரைப் பறிக்கும் கிருமித் தொற்று அந்த இடத்தில் உண்டாகும். சிரை (இரத்தக் குழாய்) வழியே செலுத்துவதே முறை. மனிதருக்கான டைக்ளோஃபெனாக்கைத் தொடவே தொடாதீர்கள்; 2006 முதல் அது கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. வலி மரத்துப்போன குதிரை பாதி ஆறிய தசையை மீண்டும் கிழித்துக்கொள்ளும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

தொடையின் பின்புறத் தசை சரியாக ஆறாவிட்டால், அங்கே நார்த்தழும்பு உருவாகி இறுகிவிடும். பிறகு வலி இல்லாவிட்டாலும், குதிரை முன்னால் நீட்டிய காலைச் சற்றே பின்னிழுத்து, சட்டெனத் தரையில் அடித்து வைக்கும். மெதுவாக நடக்கும்போதுதான் இது தெளிவாகத் தெரியும். இந்த நடை நிலைத்துவிட்டால் மருந்தால் மாற்றுவது கடினம். அறுவை சிகிச்சையிலும் முழுப் பலன் உறுதியில்லை. ஆகவே கிழிவின் ஆழத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது. புதுச்சேரி குரும்பாப்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

லேசான கிழிவு சில வாரங்களில் ஆறும். ஆழமானதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஓய்வுக் காலத்தில் கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு, கெட்டியான தரையில் கையில் பிடித்தபடி பத்து நிமிடம் நடத்தத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சவாரியை அலையோரத்து ஈர மணலில் நடையோடு தொடங்குங்கள். கால் புதையும் உலர்ந்த மணலுக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் அழைத்துச் செல்லுங்கள்.