தொப்பி விழும்போது குரல் ஏன் பதுங்குகிறது?

கேள்வி: எங்கள் பஜனைக் குழுவில் மூன்று பெண்கள் பாடுகிறோம். ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா உண்டு. உரத்த ஒலியைத் தானாகத் தாழ்த்தும் கம்ப்ரஸர் ஒன்றை லேமிங்டன் சாலையில் வாங்கி, மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்தோம். அன்றிலிருந்து மிருதங்கம் ஒலிக்கும்போதெல்லாம் பாட்டு அமுங்கி எழுகிறது. பாடாத நேரத்தில் மின்விசிறிச் சத்தம் பெரிதாகிறது. எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும்?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: சகோதரி, குமிழைத் தொடுமுன் கருவியை இடம் மாற்றுங்கள். எது குரல், எது மிருதங்கம் என்று கம்ப்ரஸருக்குத் தெரியாது. எது எல்லையைத் தாண்டினாலும் தன் வழியே போகும் மொத்த ஒலியையும் தாழ்த்திவிடும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒரு 'தொம்' விழுந்தால் உங்கள் மூவரின் குரலும் அதோடு கீழே போகிறது. 'தொம்' அடங்கியதும் மேலே வருகிறது. முன்பாட்டுப் பாடுபவரின் மைக் வரிசையில் 'இன்சர்ட்' என்ற துளை இருந்தால் கருவியை அங்கே இணையுங்கள். ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் இரண்டுமாகப் பிளக் உள்ள கேபிள் அதற்கென்றே கடையில் கிடைக்கும்.

பிறகு, கூட்டம் இல்லாத ஒரு மாலையில் அவரைப் பாடச் சொல்லிவிட்டு உட்காருங்கள். முதலில் வேண்டுமென்றே அளவுக்கு மீறுங்கள். எல்லை தாண்டிய ஒலியை எத்தனையில் ஒரு பங்காக்குவது என்ற விகிதமான ரேஷியோவை 10:1-இல் வைத்து, மீட்டர் 15 டெசிபல் குறைவு காட்டும்வரை த்ரெஷோல்டை, அதாவது அந்த எல்லையை, இறக்குங்கள். பாட்டு நசுங்கிக் கேட்கும்; கேட்கட்டும். அட்டாக் (ஒலியைத் தாழ்த்தும் வேகம்), ரிலீஸ் (பழைய நிலைக்கு விடும் வேகம்) இரண்டும் செய்யும் வேலை இந்த நிலையில்தான் காதுக்குப் பளிச்சென்று பிடிபடும்.

அட்டாக்கை மிக வேகமாக வைத்து 'கந்தா' என்று பாடச் சொல்லுங்கள். எடுப்பின் கூர்மை மழுங்கியிருக்கும். மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து வாருங்கள். 'க' உயிரோடு திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் அமையும். ரிலீஸ் அளவுக்கு மீறி வேகமானால் கீழ் ஸ்தாயியில் குரல் கரகரக்கும். மந்தமானால், உச்சத்தில் ஒரு கார்வை முடிந்து அடுத்து வரும் மெல்லிய சங்கதி அமுங்கியே கிடக்கும். 150 மில்லி விநாடியில் தொடங்கி, அவர் மூச்சு எடுக்கும் இடைவெளிக்குள் மீட்டர் பழைய நிலைக்கு வருமாறு அமையுங்கள்.

இனி ரேஷியோவை 3:1-க்குக் கொண்டுவாருங்கள். எல்லையை 9 டெசிபல் தாண்டிய ஒலி 3 டெசிபல் மட்டும் தாண்டியதாக வெளிவரும். த்ரெஷோல்டை ஏற்றிக்கொண்டே வந்து, மேல் ஸ்தாயியில் 6 டெசிபலுக்கு மிகாமல் குறையும்படி விடுங்கள். தாழ்ந்து பாடும்போது மீட்டர் விளக்கு ஒன்றுகூட எரியக் கூடாது.

மின்விசிறிக்குக் காரணம், தாழ்த்தியதை ஈடுகட்ட மொத்த ஒலியையும் ஏற்றும் மேக்கப் கெயின். அதை 6 டெசிபல் ஏற்றினால், எல்லைக்குக் கீழே உள்ள அத்தனையும் 6 டெசிபல் ஏறும். விசிறியும் ஏறும், ஹார்பர் லைன் ரயிலும் ஏறும். ஆரம்ப நாளில் மாட்டுங்காவில் ஒரு கல்யாணக் கச்சேரியில் நான் அதை 10 வரை ஏற்றிவிட்டேன். பாடகி ஆலாபனையில் மூச்சு எடுக்க நிறுத்திய நொடியில் ஸ்பீக்கர் ஊளையிட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்ட காட்சி இன்றும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மேடையில் அந்தக் குமிழைப் பூஜ்யத்திலேயே விடுங்கள்.

'ஆட்டோ' பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல கருவிகளில் அது அமுங்கியிருந்தால் அட்டாக், ரிலீஸ் குமிழ்களைத் திருப்பிப் பயனில்லை.

கேள்வி: பட்டிமன்ற உரைகளைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுகிறேன். லிமிட்டர் இருந்தால் கம்ப்ரஸர் தேவையில்லையா?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: தேவை. லிமிட்டரும் கம்ப்ரஸர்தான், ரேஷியோ 10:1-க்கு மேல், முடிவிலி வரைகூடப் போகும். பேச்சாளர் மேசையைத் தட்டும்போது அந்த ஒரு கூர்முனையைப் பிடிக்க அது இருக்கிறது. பேச்சு முழுவதையும் அதன் தலையில் கட்டினால் குரல் தட்டையாகிவிடும். முதலில் கம்ப்ரஸர் 3:1-இல் பேச்சைச் சமன்செய்யட்டும். கடைசியில் லிமிட்டரை வைத்து, அதன் உச்சவரம்பை -1 டெசிபலில் நிறுத்துங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது முனைகள் சற்று உயரும், அதற்கு இந்த இடம் வேண்டும். கைத்தட்டலுக்கு மட்டும் லிமிட்டர் விளக்கு மினுங்கினால் சரி. சாதாரணப் பேச்சுக்கே விடாமல் எரிந்தால், அதற்கு முந்தைய கெயினைக் குறையுங்கள்.