படாக் மரச்சட்டம்: அறுத்த கையோடு இழைக்கலாமா?

கேள்வி: போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வீடு கட்டுகிறோம். வாசல் நிலைக்கு 5×3 அங்குலச் சட்டமும் கதவுக்கு ஒன்றரை அங்குலப் பலகையும் சாத்தம் அரசு சாமில்லில் படாக் என்ற அந்தமான் சிவப்பு மரத்தில் எடுத்தோம். உடனே இழைக்கலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?

பதில்: மரம் பச்சையாக இருந்தால் கூடாது. சாத்தம் 1883-இல் தொடங்கிய மில்தான்; ஆனால் அங்கிருந்து வந்ததாலேயே மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2002 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் தீவில் மரவெட்டுக்குக் கடும் கட்டுப்பாடு. அதனால் ஒரு மரச்சட்டம் பாழானால் அதே மரத்தில் இன்னொன்று தேடி அலையவேண்டும்.

முதலில் ஈரத்தைப் பாருங்கள். ஒரு பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி, ஓர் அங்குல அகலத் துண்டு அறுத்து உடனே எடை போடுங்கள். முனையிலேயே வெட்டினால் காய்ந்த கணக்கு காட்டி ஏமாற்றும். துண்டை 103 டிகிரி செல்சியஸ் ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 130 கிராம் 100 ஆனால், குறைந்த 30 கிராமைக் காய்ந்த எடையான 100-ஆல் வகுக்க, ஈரம் 30 சதவீதம். தீவின் காற்றுக்கு 15 சதவீதத்தை ஒட்டி வந்தால் போதும். ஏசி அறைக் கதவென்றால் இன்னும் குறையவேண்டும்.

காயவைக்க நிழலும் காற்றோட்டமும் வேண்டும், வெயில் ஆகாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்குங்கள். வரிசைக்கு வரிசை இடையில் ஓர் அங்குல ரீப்பர் (மரப்பட்டி), இரண்டடிக்கு ஒன்று. ரீப்பர்கள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். விலகினால் அந்த இடத்தில்தான் பலகை வளையும். மேல் வரிசைக்குப் பாரம் ஏற்றுங்கள். முனைகளுக்கு இன்றே கெட்டியான பெயிண்ட் அடியுங்கள். முனை வழியே ஈரம் வேகமாக ஓடுவதால்தான் வெடிப்பு அங்கே தொடங்குகிறது.

பலகைக்கு நாலைந்து மாதம், மூன்று அங்குலச் சட்டத்துக்கு ஒரு வருடம் என்பது தோராயக் கணக்கு. மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். வீட்டு வேலை அவசரமென்றால் நிலைக்குத் திறப்பை மட்டும் விட்டுக் கட்டுங்கள். பூச்சு காய்ந்தபின் ஆங்கர் போல்ட் போட்டு நிலையை நிறுத்தலாம். சுவரைத் தொடும் முதுகுக்குப் பிரைமர் அவசியம்.

வெளுத்த விளிம்பு வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்பகுதி. வண்டு துளைக்கும், சீவி எறியுங்கள். வைரம் எனப்படும் சிவந்த உள்மரம் நீடித்து உழைக்கும். நார் பின்னலாக ஓடுவதால் இழைப்புளி பிய்க்கும். அலகைக் கூராக்கி மெல்லியதாக எடுங்கள். தூசி மூக்கை அரிக்கும், முகக்கவசம் போடச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு வெயில் பட்டால் பழுப்பாகும். பாலிஷ் அதைத் தள்ளிப்போடுமே தவிர, நிறுத்தாது.